படத்தில் நிறக்கரை: எந்த இடத்தில், எந்தப் பக்கம்?

வெள்ளை வானத்துக்கு எதிரே நிற்கும் தென்னையைப் படம் பிடித்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கீற்று ஒவ்வொன்றுக்கும் ஊதாவில் கரை கட்டியிருக்கும். கோபுரத்தை அகல லென்ஸில் எடுத்திருந்தால், ஓரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சைநீலம். கல்யாண வீட்டில் எடுத்த நெருக்கப் படத்தில் ஜிமிக்கிக் கல்லைச் சுற்றி இளஞ்சிவப்பு, பின்னால் மங்கித் தெரியும் மல்லிகைச் சரத்தில் லேசான பச்சை.

இது எல்லாவற்றுக்கும் நிறப்பிறழ்ச்சி, அதாவது லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் சேர்க்காத கோளாறு (குரோமாட்டிக் அபரேஷன்), என்று ஒரே பெயரைச் சொல்லிவிட்டு, மென்பொருளில் ஊதா ஸ்லைடரை இழுத்துவிடுவதுதான் பலருடைய வழக்கம். நானும் சில வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். உறவினர் கல்யாண ஆல்பம் ஒன்றில் அந்த ஸ்லைடர், கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் ஜரிகையை ஒட்டிய இடத்தையெல்லாம் சாம்பலாக்கிவிட்டது. ஆல்பம் கைக்குப் போன அன்றைக்கே மணப்பெண்ணின் அத்தை, "தம்பி, என் புடவை ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டார். ஊதா என்று கண்ட இடமெல்லாம் கோளாறு அல்ல என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் நான் பழகிக்கொண்ட முறை இது. கரை என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்னால், அது படத்தில் எங்கே இருக்கிறது, பொருளின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஒரு கரைக்குச் சரியான மருந்து இன்னொன்றுக்குக் கெடுதல் செய்யும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

தொடங்கும் முன்

படத்தை 100 சதவீதத்தில், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாக இருக்கும்படி, திறந்துகொள்ளுங்கள். திரைக்குள் முழுப் படமும் அடங்கும்படி சுருக்கிப் பார்த்தால் இல்லாதது தெரியும், இருப்பது மறையும். முடிந்தால் ஜேபெக்கை விட்டுவிட்டு ரா கோப்பை, அதாவது சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பை, எடுங்கள். இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை ஜேபெக் எழுதும்போதே ஓரத்துக் கரைகளைத் தாமாகத் துடைத்துவிடும். துடைத்த படத்தை வைத்துக்கொண்டு லென்ஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. மென்பொருளில் லென்ஸ் திருத்தம் தானாக ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள்: நடுவில் ஒரு கூர்மையான விளிம்பு, மூலையில் ஒன்று, ஃபோகஸுக்கு வெளியே இருப்பது ஒன்று. நடு சுத்தமாக இருந்து மூலையில் மட்டும் கரை இருந்தால் அது ஒரு வகை. எல்லா இடத்திலும் இருந்தால் வேறு வகை. படம் முழுக்க ஒரே திசையில், எல்லாவற்றுக்கும் மேலே நீலம், கீழே சிவப்பு என்று இருந்தால் அது லென்ஸே அல்ல.

நடு சுத்தம், ஓரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் இரண்டு நிறம்

சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ரிஜிஸ்டர் விலகிய தாளில் முருகன் முகத்துக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மையும் தன் இடத்தில் கூர்மையாகத்தான் விழுந்திருக்கும்; ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி என்பதும் அதேதான். ஒரு வித்தியாசம்: அச்சில் தாள் முழுக்க ஒரே அளவு விலகும். லென்ஸில் சிவப்புப் படமும் பச்சைப் படமும் நீலப் படமும் அளவிலேயே மாறுபடுகின்றன. அதனால் நடுவில் விலகல் பூஜ்ஜியம். வெளியே போகப் போகக் கூடும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 6000 பிக்சல் அகலமுள்ள 24 மெகாபிக்சல் படத்தில் சிவப்புப் படம் பச்சையைவிட 0.1 சதவீதம் பெரிதாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 1000 பிக்சல் தள்ளி விலகல் 1 பிக்சல். ஓரத்தில், 3000 பிக்சல் தள்ளி, 3 பிக்சல். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 3 பிக்சல் அகலக் கரை கண்ணுக்குத் தப்பாது.

உறுதிசெய்ய இன்னொரு அடையாளம் உண்டு. ஜன்னல் கம்பி, மின்கம்பம் போன்ற நேர்க்கோடுகளைப் பாருங்கள். நடுவை நோக்கி ஓடும் கோடுகளில் கரை இருக்காது. அவற்றுக்குக் குறுக்காக ஓடும் கோடுகளில்தான் இருக்கும். அளவு மாறும்போது நடுவை நோக்கிய கோடு தன்மேலேயே நீள்கிறது, குறுக்குக் கோடு இடம் பெயர்கிறது.

இதற்கு அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் வாயை, சுருக்கிப் பயனில்லை (எஃப் எண் கூடினால் வாய் குறுகும்). எஃப் 4-இல் இருந்த கரை எஃப் 11-இலும் அப்படியே இருக்கும்; மற்றதெல்லாம் கூர்மையாவதால் இன்னும் பளிச்சென்று தெரிந்தாலும் தெரியும். ஆனால் மென்பொருளால் மிக எளிதாகத் தீர்வதும் இதுதான். மூன்று படங்களில் இரண்டைக் கொஞ்சம் சுருக்கியோ விரித்தோ மூன்றாவதன்மேல் பொருத்தினால் வேலை முடிந்தது. அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் 'ரிமூவ் குரோமாட்டிக் அபரேஷன்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அது படத்தையே ஆராய்ந்து விலகலைக் கணிப்பதால், உங்கள் லென்ஸுக்குப் புரொஃபைல் (அந்த லென்ஸின் பிழைகளைக் குறித்துவைத்த கோப்பு) இல்லாவிட்டாலும் வேலை செய்யும். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் டார்க்டேபிளில் 'ரா குரோமாட்டிக் அபரேஷன்ஸ்' மாட்யூல், ராதெரபியில் ரா பகுதியில் உள்ள தானியங்கித் திருத்தம். இரண்டுமே நன்றாகச் செய்கின்றன. டார்க்டேபிளின் அந்த மாட்யூல் வழக்கமான பேயர் சென்சார்களுக்கு மட்டும்தான். ஃபியூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் வைத்திருப்பவர்கள் லென்ஸ் கரெக்‌ஷன் மாட்யூலையோ, 'ரா' என்ற சொல் இல்லாத 'குரோமாட்டிக் அபரேஷன்ஸ்' மாட்யூலையோ எடுக்க வேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. படத்தை வேறு மென்பொருளில் வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு திருத்தக் கொண்டுவருவார்கள். வெட்டிய படத்தின் நடுப்புள்ளி லென்ஸின் நடுப்புள்ளி அல்ல. வலது ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்த படத்தில், அதன் நடுவைச் சுற்றிச் சுருக்கினால் ஒரு பக்கம் தீரும், மறுபக்கம் புதிதாக முளைக்கும். பனோரமா ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்: தனித்தனிப் படங்களில் திருத்திவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு, படம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கரை. அல்லது நடுவிலேயே இரண்டு நிறம்

மேலே சொன்ன வகை நடுவைச் சுற்றிச் சமச்சீராக இருக்க வேண்டும். இடது மூலையில் கரை தடித்து, வலது மூலை சுத்தமாக இருந்தால், அல்லது நடுவிலேயே சிவப்பும் பச்சைநீலமும் தெரிந்தால், லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது. பெரும்பாலும் எங்கோ விழுந்திருக்கும். என்னுடைய ஜூம் லென்ஸ் ஒன்று பேருந்தின் மேல்தட்டிலிருந்து பையோடு விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் எல்லாப் படத்திலும் இடப்பக்கம் மட்டும் கலங்கியிருப்பதைக் கவனித்தேன்.

சோதிக்கச் செலவே இல்லை. நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில், சுவருக்கு நேராக, எழுத்துகள் சட்டம் முழுக்க நிரம்பும்படி வையுங்கள். ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். கலங்கிய மூலை கேமராவோடு சேர்ந்து மாறினால் பிசகு லென்ஸில். சுவரிலேயே நின்றுவிட்டால் கேமராவை நீங்கள் சாய்வாக வைத்திருக்கிறீர்கள். பிசகிய லென்ஸை மென்பொருளால் முழுதாகச் சரிசெய்ய முடியாது, சர்வீஸ்தான். பழைய கிட் லென்ஸ் என்றால் சர்வீஸ் செலவு இன்னொரு பழைய லென்ஸின் விலையைத் தொட்டுவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்திலும் ஊதா: கீற்று, கிளை, மின்கம்பி, கொக்கின் சிறகு

இதுதான் எல்லோரும் புலம்பும் ஊதாக் கரை. வேடந்தாங்கலில் காலை பத்து மணிக்கு மேல் கொக்கு, நாரை எடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படத்தின் நடுவிலும் இருக்கும், ஓரத்திலும் இருக்கும். மிகப் பிரகாசமான ஒன்று மிக இருட்டான ஒன்றைத் தொடும் இடத்தில்தான் இருக்கும்.

கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவு வளைக்கிறது. அதனால் ஒற்றைக் கண்ணாடியில் நீலம் லென்ஸுக்குக் கிட்டே குவியும், சிவப்பு தள்ளிக் குவியும். வண்ணங்கள் பிரிவதைக் கண்ட நியூட்டன், இதற்கு லென்ஸில் தீர்வே கிடையாது என்று முடிவுகட்டி, 1668-இல் கண்ணாடி வில்லையை விட்டு, ஒளியைத் திருப்பும் ஆடியைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். ஆடி எல்லா நிறத்தையும் ஒரே கோணத்தில் திருப்பும், அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் ஆடிதான். ஆனால் லென்ஸ் விஷயத்தில் நியூட்டன் அவசரப்பட்டுவிட்டார். இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றது அடிக்கும் என்று 1730-களில் செஸ்டர் மூர் ஹால் கண்டார். 1758-இல் ஜான் டொலண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இன்றைய லென்ஸும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. நிறங்களை எவ்வளவு பிரிக்கும் என்பதை ஆபே எண்ணால் அளப்பார்கள். எண் கூடினால் பிரிப்பது குறைவு. சாதாரண பிகே7 கண்ணாடிக்கு 64, ஃபுளோரைட்டுக்கு 95. கேனன் 1969-இல் 300 எம்.எம். லென்ஸில் செயற்கை ஃபுளோரைட்டைப் போட்டதும், நிறத்தைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி என்று காட்ட நிக்கான் ஈ.டி. என்று லென்ஸ் பெயரில் எழுதுவதும் இதற்காகத்தான். இருந்தாலும் விலை குறைந்த, வாய் அகன்ற லென்ஸ்களில் பச்சை, சிவப்பு, நீலத்தைப் பொருத்தும்போதே கை ஓய்ந்துவிடும். 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா தனியே திரிந்து, மங்கிய வட்டமாக விழும்.

அந்த வட்டம் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத அளவுக்கு மெல்லியது. வானம் கீற்றைவிட 100 மடங்கு பிரகாசம் என்றால் என்ன ஆகும்? வானத்திலிருந்து 1 சதவீதம் கசிந்தாலே போதும், கீற்றின் சொந்த ஒளிக்குச் சமமாகிவிடும். அதனால்தான் அதே லென்ஸ் நிழலில் சமர்த்தாக இருந்து, வெயிலில் மானத்தை வாங்குகிறது.

இதற்கு அப்பர்ச்சர் நிச்சயம் கேட்கும். மங்கல் வட்டத்தின் அகலம் லென்ஸ் வாயின் அகலத்தைப் பொறுத்தது. எஃப் 1.8-இலிருந்து எஃப் 4-க்குச் சுருக்கினால் வட்டம் பாதிக்கும் கீழே போகிறது. எல்லோரிடமும் இருக்கும் 50 எம்.எம். எஃப் 1.8 வகை லென்ஸ்களை இரண்டு படி சுருக்கியதும் வேறு லென்ஸ் மாதிரி ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் டெலிகன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அது பறவையைப் பெரிதாக்கும்போது பிழையையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

எக்ஸ்போஷரைக் குறைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. வானத்துக்கும் கீற்றுக்கும் உள்ள விகிதம் குறைவதில்லை, ஆகவே கசிவு கசிவாகவே இருக்கிறது. ஆனால் வானம் வெள்ளையாக வெடித்துப்போகாமல் இருப்பதால் கரையின் அகலம் குறைந்து தெரியும், மென்பொருளுக்கும் பிடி கிடைக்கும். விகிதத்தையே மாற்ற வேண்டுமானால் இடம் மாற வேண்டும். இரண்டடி நகர்ந்து பறவைக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் மரத்தைக் கொண்டுவந்தால், எந்த ஸ்லைடரும் செய்யாத வேலை நடந்துவிடும். காலை ஏழு மணி வெளிச்சம் இன்னும் நல்லது.

எடுத்தாயிற்று, திரும்பிப் போக முடியாது என்றால் டீஃபிரிஞ்ச், அதாவது விளிம்புக் கரையின் நிறத்தை வெளுக்கும் கருவி. லைட்ரூமில் இது லென்ஸ் கரெக்‌ஷன்ஸில் மேனுவல் பக்கத்தில் இருக்கிறது. அளவு 0 முதல் 20 வரை. கீழே எந்த நிறத்திலிருந்து எந்த நிறம் வரை என்று வரம்பு வைக்க இரண்டு முனையுள்ள ஸ்லைடர். பலர் அளவை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் செய்வது இது: சொட்டுக்குழாய்க் கருவியால் கரைமேலேயே தொட்டு நிறத்தை எடுப்பேன், அளவை 3 அல்லது 4-இல் வைப்பேன், பிறகு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே வரம்பின் முனைகளை உள்ளே நெருக்குவேன். ஆல்ட் அழுத்தியிருக்கும்போது எந்தெந்தப் பிக்சல் பாதிக்கப்படுகிறது என்று திரையிலேயே தெரியும். கரையை மட்டும் பிடிக்கும் அளவுக்கு வரம்பு குறுகினால் போதும்.

படத்தில் உண்மையான ஊதாவும் இருந்தால், உதாரணத்துக்கு மேற்சொன்ன அத்தையின் புடவை, அந்த இடத்துக்கு ஒரு மாஸ்க் (திருத்தம் விழும் இடத்தை வரையறுக்கும் மறைப்பு) போட்டு, அதற்குள் டீஃபிரிஞ்சைக் கழித்தல் பக்கம் தள்ளுங்கள். முழுப் படத்துக்கும் போட்ட திருத்தம் அந்த இடத்தைத் தொடாது. ஜாமூன் பழம், கத்திரிப்பூ, நாவல் நிற ரவிக்கை என்று நம் ஊர்ப் படங்களில் ஊதாவுக்குக் குறைவில்லாததால் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

இலவச மென்பொருளான கிம்ப் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு பழைய கைவேலை: லேயரை நகலெடுத்து, நகலுக்குக் காசியன் பிளர் 8 பிக்சல் அளவு கொடுத்து, அதன் முறையை 'கலர்' என்று மாற்றுங்கள். அக்கம்பக்கத்து நிறம் கரைமேல் பரவும். கூர்மை கீழே இருக்கும் லேயரிலிருந்து வருவதால் கெடாது. கறுப்பு மாஸ்க் போட்டு, கரை இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் எங்கே என்ன நடக்கிறது என்பது முழுக்க உங்கள் கையில்.

ஃபோகஸுக்கு முன்னால் இளஞ்சிவப்பு, பின்னால் பச்சை

இதுவும் மேலே சொன்னதன் உடன்பிறப்புதான். லென்ஸின் நடு அச்சின் நெடுகே, முன்னும் பின்னுமாக நிறங்கள் பிரிந்து குவிவதால் வருவது. ஆனால் அடையாளம் வேறு. வாய் அகலத் திறந்து நெருக்கமாக எடுத்த படங்களில், ஃபோகஸ் விழுந்த தளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம். அளவுகோலைச் சாய்த்து வைத்து எடுத்தால் முன்பக்கக் கோடுகள் இளஞ்சிவப்பாகவும் பின்பக்கக் கோடுகள் பச்சையாகவும், கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். வெள்ளி, வைரக்கல், எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் இதைப் பெரிதாக்கிக் காட்டும்.

தொல்லைதான், ஆனால் ஒரு நன்மையும் செய்கிறது. முகப் படத்தில் கண் இமை முடியை 100 சதவீதத்தில் பாருங்கள். இமையில் பச்சை தெரிந்தால் ஃபோகஸ் இமைக்கு முன்னால், மூக்கில் விழுந்திருக்கிறது. இளஞ்சிவப்பு தெரிந்தால் பின்னால், காதுப்பக்கம் போயிருக்கிறது. எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகவே பிசகுகிறது என்றால், டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் மெனுவில் ஃபோகஸை முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யும் ஏ.எஃப். ஃபைன் டியூன் இருக்கிறதா என்று தேடலாம்.

திருத்தும்போது பச்சைக்கும் ஊதாவுக்கும் தனித்தனி அளவு தேவைப்படும். பச்சை விஷயத்தில் இன்னும் கஞ்சத்தனமாக இருங்கள். மங்கிய வாழை இலை, வெற்றிலைத் தட்டு எல்லாம் ஃபோகஸுக்குப் பின்னால் பச்சையாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டைத் துணியில் வானவில்

பொடிக்கட்டம் போட்ட சட்டை, மெல்லிய நெசவுப் பருத்திப் புடவை, கொசுவலை, தூரத்து ஓட்டுக்கூரை. அவற்றின்மேல் மஞ்சளும் நீலமும் அலை அலையாக ஓடினால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். அது கூர்மையாக இருப்பதால்தான் இது வருகிறது. சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கிறது: இரண்டு பச்சைக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. மீதி நிறத்தை அக்கம்பக்கம் பார்த்துக் கேமரா ஊகிக்கிறது. நெசவின் இழையும் பிக்சலின் வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கமாக அமைந்தால் ஊகம் தப்பும்.

எடுக்கும்போதே கண்டால் ஓரடி முன்னே பின்னே நகருங்கள், போதும். எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கினால் ஒளி விளிம்புவிளைவால் (சிறிய துளையில் நுழையும் ஒளி பரவுவதால்) படம் கொஞ்சம் மென்மையாகி அலையும் அடங்கும். பின்னால் திருத்த லைட்ரூமின் மாஸ்க்கில் 'மோரே' என்று ஒரு ஸ்லைடர் உண்டு, துணிமேல் மட்டும் தடவலாம். அதற்கு முன்னால் 100 சதவீதத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். சுருக்கிப் பார்க்கும்போது திரையே உண்டாக்கும் அலையும் இதேபோல் இருக்கும். அதை மணிக்கணக்காகத் திருத்த முயன்றவர்களில் நானும் ஒருவன்.

எல்லாவற்றுக்கும் மேலே நீலம், கீழே சிவப்பு

பௌர்ணமியன்று கடற்கரையில் உட்கார்ந்து, நிலா கடலிலிருந்து எழும்போது எடுத்த படம். நிலாவின் மேல் விளிம்பில் நீலப்பச்சை, கீழ் விளிம்பில் சிவப்பு. நிலாவைச் சட்டத்தின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் திசை மாறாது. இங்கே பிரிக்கும் கண்ணாடி காற்று மண்டலம். தொடுவானத்தருகே ஒளி நீண்ட காற்றைச் சாய்வாகக் கடக்கும்போது நீலம் கூடுதலாக வளைந்து சற்று மேலே விழுகிறது. லென்ஸ் திருத்தக் கட்டங்கள் எதுவும் இதற்கு உதவாது, அவை நடுவைச் சுற்றித்தான் யோசிக்கும். நிலா நன்றாக மேலேறும்வரை காத்திருக்கலாம். ஆனால் எழும் நிலாவுக்காகத்தானே போனோம்? அப்படியென்றால் கிம்பில் கலர்ஸ், காம்பொனென்ட்ஸ், டீகம்போஸ் வழியாகப் படத்தை மூன்று நிறங்களாகப் பிரித்து, நீலத்தைக் கீழேயும் சிவப்பை மேலேயும் ஓரிரு பிக்சல் நகர்த்தி, மீண்டும் சேர்த்துவிடுங்கள்.

தட்டை ஸ்கேனரில் ஏற்றிய பழைய குடும்பப் படங்களிலும் ஒரே திசைக் கரை வருவதுண்டு. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி வரிசை உணரிகள். நகரும் வண்டி குலுங்கினால் மூன்றும் வரிசை தவறும். மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள். கரை இடம் மாறினால் இயந்திரம்; மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் அந்தப் படத்திலேயே இருப்பது.

ஓரத்திலிருந்து ஊதாப் புகை

போன் படங்களில், சட்டத்துக்குச் சற்று வெளியே சூரியனோ குழல்விளக்கோ இருக்கும்போது ஒரு மூலையிலிருந்து ஊதாப் புகை பரவும். 2012-இல் ஐபோன் 5 வந்தபோது இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. இது விளிம்புக் கரை அல்ல, லென்ஸுக்குள் சிதறும் ஒளி. லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள், கையால் நிழல் கொடுங்கள். அவ்வளவுதான்.

திருத்தியபின் நிறங்கள் பக்கம் மாறிவிட்டன

முன்பு இடப்பக்கம் சிவப்பு இருந்தது, இப்போது வலப்பக்கம் இருக்கிறது என்றால் இரண்டு முறை திருத்தியிருக்கிறீர்கள். கேமரா ஏற்கெனவே துடைத்த ஜேபெக்மேல் லென்ஸ் புரொஃபைலைப் போட்டாலும், டார்க்டேபிளில் ரா மாட்யூலையும் லென்ஸ் கரெக்‌ஷனின் நிறத் திருத்தத்தையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் இப்படி ஆகலாம். ஒன்றை அணையுங்கள். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் கோடு தெரிந்தால் டீஃபிரிஞ்ச் அளவு கூடிவிட்டது. நிறமே இல்லாத வெள்ளைக் கோடு என்றால் அது ஷார்ப்பனிங் செய்த வேலை, இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் மட்டும் சிவப்பு கசிகிறது

நீலப் பலகையில் சிவப்பு எழுத்து, பச்சைக் கரைமேல் அரக்கு. கரை மென்மையாக இல்லாமல் கட்டம் கட்டமாக இருந்தால் ஜேபெக் அமுக்கம். ஒளியின் அளவை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகப் பங்கிடும் 4:2:0 முறையின் விளைவு. மூலப் படம் சரியாக இருந்தால் எதையும் திருத்தாதீர்கள். புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தப் படத்தைத் திறந்தாலும் கரை. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை

பவர் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும். எளிதில் உடையாது என்று கொடுக்கப்படும் பாலிகார்பனேட் வில்லையின் ஆபே எண் 30, பழைய சி.ஆர்.-39 பிளாஸ்டிக்குக்கு 58. பவர் கூடுதலாக இருந்து, வில்லையின் ஓரத்தின் வழியாகத் திரையைப் பார்த்தால் வெள்ளை ஜன்னல்களுக்கெல்லாம் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு தெரியும். தலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கரை பக்கம் மாறினால் கோப்பில் ஒன்றுமில்லை. நான் இதைக் கண்டுபிடித்த நாளில் அதற்குள் 40 படங்களைத் திருத்தி முடித்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்பப் பழையபடி ஆக்க வேண்டியிருந்தது.